வேறொரு கிரகத்து வாசல்

வேற்றுக் கிரகத்து ஜனங்களைக் கற்பனை செய்வது சுலபமான காரியம் என்று நினைக்கிறவர்கள், ஒரே ஒரு தடவை அவர்களுக்குச் சாப்பாடு போட்டுப் பார்க்க வேண்டும். மூன்று கண் வைத்துவிடலாம். முதுகில் சிறகு ஒட்டிவிடலாம். உடம்பு முழுவதும் பச்சை வர்ணம் பூசிவிடலாம். அரை மணி நேரத்து வேலை. ஆனால் அந்த மூன்று கண் ஆசாமி காலையில் எழுந்து என்ன தின்பான், அதை யார் விளைவித்தார்கள், விளைவித்தவனுக்கும் தின்கிறவனுக்கும் நடுவே தரகன் ஒருவன் உண்டா, மிஞ்சியதை எங்கே கொட்டுவார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பேனா நின்றுவிடும்.

நான் இருபது வருஷமாகக் கதை எழுதுகிறவன். என் பாத்திரங்கள் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள், சீட்டுப் பணம் கட்டுகிறவர்கள், பெண்ணுக்கு வரன் தேடுகிறவர்கள். அவர்களுக்கு நான் சாப்பாடு போட வேண்டியதில்லை, வாசகரே போட்டுவிடுவார். 'சாம்பார்' என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும். துவரம் பருப்பு, புளி, பெருங்காயம், அடுப்படியில் நிற்கிற அம்மாள், அந்த அம்மாளின் இடுப்பு வலி எல்லாம் தாமாகவே வந்து சேர்ந்துகொள்ளும். கதாசிரியன் பாதி எழுதுகிறான். மீதியைப் படிக்கிறவர் தம் வீட்டிலிருந்து கொண்டுவந்து கொடுக்கிறார். வேற்றுக் கிரகத்துக் கதையில் இந்த உபகாரம் கிடையாது. அங்கே உப்புக்கூட நாம்தான் கொண்டுபோக வேண்டும்.

இந்த வம்பில் என்னை இழுத்துவிட்டவள் என் அக்கா பெண். கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் நல்ல சம்பளத்தில் இருந்தவள். வேலையை விட்டுவிட்டு, ஆகாயத்துக்கு அப்பால் நடக்கிற ஒரு சித்திரக் கதையை இணையத்தில் வெளியிடப் போவதாக ஒரு நாள் வந்து சொன்னாள். வாரத்துக்கு ஒரு பக்கம். யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் படிக்கலாம்.

"படம் நான் போடறேன், மாமா. கதை நீங்க எழுதணும்" என்றாள்.

"எனக்குக் குடித்தனக்காரர்கள் கதைதானே அம்மா தெரியும்?" என்றேன்.

"அதனாலதான் உங்களைக் கேட்கறேன். ராக்கெட்டைப் பத்தி எழுத ஆயிரம் பேர் இருக்காங்க. அந்த ஊர்ல குடித்தனம் பண்றவங்களைப் பத்தி எழுதத்தான் ஆள் இல்லை."

இந்த மாதிரி முகஸ்துதிக்கு மயங்காத எழுத்தாளன் இன்னும் பிறக்கவில்லை. ஒப்புக்கொண்டேன்.

முதலில் ஊர் வேண்டும். நம்முடைய சூரியனுக்கு மிக அருகில் உள்ள நட்சத்திரத்துக்கு பிராக்ஸிமா சென்டாரி என்று பெயர். அருகில் என்றால் வெளிச்சமே நாலே கால் வருஷம் பிரயாணம் செய்து வந்து சேருகிற தூரம். அதைச் சுற்றி ஒரு கிரகம் இருப்பதை 2016-ல் கண்டுபிடித்து அறிவித்தார்கள். அதற்கு ஒரு வருஷம் என்பது நமக்குச் சுமார் பதினொரு நாள். அவ்வளவு நெருங்கிச் சுற்றுகிற கிரகம், நமக்குச் சந்திரன் ஒரே முகத்தைக் காட்டுவதுபோல், தன் சூரியனுக்கு எப்போதும் ஒரே பக்கத்தைக் காட்டிக்கொண்டிருக்கும் என்பது விஞ்ஞானிகளின் கணிப்பு. ஒரு பாதியில் ஓயாத பகல். மறு பாதியில் ஓயாத இரவு. இரண்டுக்கும் நடுவே வளையல்போல ஒரு மெல்லிய வட்டத்தில் மாறாத அந்தி. எங்கள் கிரகம் அதுவே அல்ல; அதற்குப் பங்காளி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அந்தி வட்டத்தில் எங்கள் ஜனங்களைக் குடியேற்றினோம்.

சிவப்புக் குள்ள நட்சத்திரம் என்று புத்தகங்களில் படித்துவிட்டு, என் மருமகள் முதல் பக்கம் முழுவதும் ரத்தச் சிவப்பாகத் தீட்டினாள். பிறகு அவளே கணக்குப் பார்த்து அழித்தாள். அந்த நட்சத்திரத்தின் மேற்பரப்பு வெப்பம் ஏறக்குறைய 3000 டிகிரி கெல்வின். நம் வீடுகளில் முன்பு எரிந்துகொண்டிருந்த குண்டு பல்புக்குள் இருக்கும் கம்பியின் சூடும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆகவே அங்கே ஊர் முழுவதும் ஒரு பழைய நாற்பது வாட் பல்பின் மஞ்சள் வெளிச்சம் அடித்துக்கொண்டிருக்கும். இதைக் கேட்டதும் எனக்கு அந்த ஊர் சட்டென்று பிடித்துப்போயிற்று. அந்த வெளிச்சத்தில்தான் என் தலைமுறை பரீட்சைக்குப் படித்தது.

ஆனால் மகிழ்ச்சி வெகு நேரம் நீடிக்கவில்லை. எழுத உட்கார்ந்தால் 'காலை' என்ற வார்த்தை இல்லை. சூரியன் அடிவானத்தை விட்டு அசையாத ஊரில் காலை ஏது, மாலை ஏது? 'விடிந்தால் பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்ல முடியாது. 'இருட்டுவதற்குள் வந்துவிடு' என்று தாயார் பிள்ளையிடம் சொல்ல முடியாது. நம் பாஷையில் நம்பிக்கைக்கே விடிவு என்றுதானே பெயர்? விடியாத ஊரில் மனிதர்கள் எதை நம்பி உயிர் வாழ்வார்கள்? இரண்டு வாரம் இதிலேயே போயிற்று. கடைசியில் ஒன்று புலப்பட்டது. நம் ஊரில் வெளிச்சம் தானே வரும், காத்திருந்தால் போதும். அங்கே வெளிச்சம் வராது. வேண்டுமானால் அதை நோக்கி நடந்து போக வேண்டும். ஆகவே துக்கப்படுகிறவருக்கு அவர்கள் சொல்லும் ஆறுதல் வார்த்தை 'பொறு' என்பதல்ல, 'நட' என்பது. அந்த ஒரு வார்த்தை கிடைத்த பிறகுதான் அவர்கள் என்னிடம் பேச ஆரம்பித்தார்கள்.

சாப்பாட்டு விஷயமும் அத்துடன் தீர்ந்தது. வெளிச்சப் பக்கத்தில் பயிர் விளையும், தண்ணீர் இல்லை. இருட்டுப் பக்கத்தில் மலை மலையாகப் பனிக்கட்டி, பயிர் இல்லை. நடுவே இருக்கிற எங்கள் ஜனங்கள் யார்? தரகர்கள்தாம். பனிக்கட்டி சுமந்து வருகிறவனுக்கும் தானியம் கொண்டு வருகிறவனுக்கும் நடுவில் நின்று விலை பேசுகிறவர்கள். தரகர் என்றதும் அவர்களுக்குக் குணம் வந்துவிட்டது. பேச்சு சாமர்த்தியம், ஞாபக சக்தி, கொஞ்சம் பொய், விருந்தாளியிடம் அளவுக்கு மீறிய மரியாதை எல்லாம் வந்துவிட்டன.

இந்த வித்தையில் எங்களுக்கு முன்னோடிகள் உண்டு. பிரான்ஸில் பியேர் கிறிஸ்டின், ழான்-க்ளோத் மெஸியேர் என்று இரண்டு சிறு வயதுச் சிநேகிதர்கள் இருந்தார்கள். ஒருவர் எழுதுவார், மற்றவர் வரைவார். 1967-ல் 'பிலோட்' என்ற பத்திரிகையில் 'வலேரியான்' என்ற விண்வெளிச் சித்திரக் கதையைத் தொடங்கி, நாற்பது வருஷத்துக்கு மேல் நடத்தினார்கள். 1975-ல் வெளிவந்த ஒரு கதையில் நட்சத்திரங்களுக்கு நடுவே பிரம்மாண்டமான நிலையம் ஒன்று வரும். அங்கே வருகிற ஒவ்வொரு ஜாதியும் தன் தன் காற்றும் தண்ணீரும் உள்ள ஓர் அறையைக் கொண்டுவந்து ஒட்டிவிடும். அந்தக் கதையில் குட்டையாய், நீள மூக்குடன் மூன்று பேர் திரிவார்கள். அவர்கள் தொழில் ரகசியங்களை விற்பது. பேரம் பேசாமல் வாயைத் திறக்கமாட்டார்கள். அவர்களுடைய மூக்கு மறந்துபோனாலும் பேரம் மறக்காது. வேற்றுக் கிரகவாசிக்குப் பிழைப்பு ஒன்று கொடுத்துவிட்டால் உயிர் தானே வந்துவிடும் என்பதை அந்த இரண்டு சிநேகிதர்களும் அறிந்திருந்தார்கள்.

இதற்குப் பிறகுதான் எங்களுக்குள் சண்டை வந்தது.

என் மருமகள் நாற்பது படங்களைக் கொண்டுவந்து மேஜையில் பரப்பினாள். எங்கள் ஜனங்களின் உடை, நகை, முகமூடி, திருவிழா. அழகாகத்தான் இருந்தன. உற்றுப் பார்த்தேன். முகமூடி காங்கோ நதிக்கரையிலிருந்து வந்திருந்தது. கன்னத்துப் பச்சை நியூஸிலாந்தின் மாவோரிகளுடையது. தலையில் இருந்த இறகுக் கிரீடம் அமேஸான் காட்டினுடையது.

"இவர்கள் இதையெல்லாம் எந்தக் கடையில் வாங்கினார்கள்?" என்று கேட்டேன்.

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "எல்லாரும் இப்படித்தான் மாமா பண்றாங்க" என்றாள்.

அது உண்மைதான். 1934-ல் அலெக்ஸ் ரேமண்ட் அமெரிக்கப் பத்திரிகைகளில் ஃப்ளாஷ் கார்டனைத் தொடங்கினார். கோடு என்றால் அப்படி ஒரு கோடு. இன்றைக்கும் சித்திரக்காரர்கள் பார்த்து ஏங்குகிறார்கள். ஆனால் அதில் மோங்கோ என்ற கிரகத்தை ஆளுகிற கொடுங்கோலன் மிங் யார்? தொங்கு மீசையும் மஞ்சள் தோலும் பட்டு அங்கியுமாக, அந்தக் காலத்து அமெரிக்கர்கள் எந்த ஆசியாக்காரனைக் கண்டு பயந்தார்களோ அவனேதான். ராக்கெட் ஏறி அவ்வளவு தூரம் போனதற்கு, பக்கத்துத் தெரு சலவைக்கடைச் சீனனையே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள்! நம்மையும் இந்த மாதிரி வரைந்திருக்கிறார்கள். 1984-ல் வந்த 'இண்டியானா ஜோன்ஸ்' படம் ஒன்றில் இந்திய அரண்மனை விருந்தில் பாம்பும் குரங்கு மூளையும் பரிமாறுவார்கள். அந்தக் காட்சியைப் பார்த்தால் நமக்கு நாக்கு கசக்கிறது. காங்கோக்காரர்களுக்கும் நாக்கு உண்டு அல்லவா?

அவள் சுலபத்தில் விடவில்லை. "சரி, எதையுமே பார்க்காம எப்படி வரையறது? சூன்யத்துலேருந்தா? வேணும்னா நம்ம கோலத்தையே அவங்க வாசல்ல போட்டுடட்டுமா? அதுக்கு யார்கிட்டேயும் அனுமதி கேட்க வேண்டியதில்லை."

நியாயமான கேள்வி. சூன்யத்திலிருந்து யாரும் எதையும் வரைந்ததில்லை. ஆனால் கோலத்தைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே போட முடியுமா? கோலம் என்பது வெறும் புள்ளியும் கோடும் அல்ல. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த கிஃப்ட் சிரோமணியும் அவருடன் ஆராய்ச்சி செய்தவர்களும் 1974-ல் கோலங்களுக்கு ஒரு கணித இலக்கணம் எழுதி வெளியிட்டார்கள். இன்ன விதிப்படி இன்ன கோலம் வளரும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லித் தரலாம் என்று காட்டினார்கள். பெரிய காரியம். வேற்றுக் கிரகத்துப் பண்டிதர் ஒருவர் நம் தெருவுக்கு வந்தால் அவரும் அந்த இலக்கணத்தைக் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் அரிசி மாவு எதற்கு, எறும்பு ஏன் தின்ன வேண்டும், மத்தியானத்துக்குள் மிதிபட்டுப் போகும் என்று தெரிந்தும் மறுநாள் விடியற்காலை எழுந்து ஏன் போட வேண்டும், இழவு விழுந்த வீட்டில் ஏன் போடவில்லை என்பதெல்லாம் அவருக்கு அந்தக் கோட்டிலிருந்து கிடைக்காது. விடியற்காலையே இல்லாத ஊரில் கோலம் பிறக்காது.

"கோலத்தை எடுக்காதே. கோலம் ஏன் உண்டாயிற்று என்று நீ கேட்பாயே, அந்தக் கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு போ" என்றேன். "அவர்களுடைய வாசலில் என்ன இருக்கிறது?"

பேசாமல் போய்விட்டாள். ஒரு வாரம் டெலிபோன் இல்லை. எட்டாம் நாள் ராத்திரி பதினோரு மணிக்குக் கூப்பிட்டாள்.

"மாமா, நிழல் இருக்கு."

ஒரு நிமிஷம் எனக்குப் புரியவில்லை. பிறகு மயிர்க்கூச்செறிந்தது. சூரியன் நகராத ஊரில் நிழலும் நகராது. என் வீட்டு நிழல் பரம்பரை பரம்பரையாக ஒரே இடத்தில் விழுந்துகொண்டிருக்கும். அது ஒரு சொத்து. அண்டை வீட்டுக்காரன் சுவரை உயர்த்தினால் அவன் நிழல் என் பயிரில் விழும்; தலைமுறை தலைமுறையாக வழக்கு நடக்கும். சூரியன் அடிவானத்தில் கிடப்பதால் சாண் உயரக் கல்லுக்கு முழ நிழல். அந்தச் சூரியன் நம்முடையதைப்போல் மூன்று மடங்கு அகலமாகத் தெரியும் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். அதனால் நிழல் போகப் போக, கரிக்கோட்டை விரலால் தேய்த்தாற்போல ஓரம் கரைந்துவிடும். பக்கத்துக் கல்லின் நிழலில் கூர்மையான கோடு, தூரத்துக் கல்லின் நிழலில் மெல்லிய சாயை. இவை இரண்டும் போதாதா ஒரு சித்திரக்காரனுக்கு?

எங்கள் ஜனங்கள் கற்களைச் செதுக்குகிறார்கள். கல்லைப் பார்த்தால் ஒன்றும் இராது. கோணல்மாணலாக, பிள்ளைகள் கடித்துப் போட்ட கரும்புபோல் இருக்கும். அதன் நிழல்தான் படம். இறந்துபோன பாட்டியின் முகம், பனிக்கட்டி சுமந்து வரும் வண்டி, தாத்தா தோற்றுப்போன வழக்கு எல்லாம் வாசல் தரையில் நிழலாகக் கிடக்கும். மேகம் மூடினால் ஓவியங்களுக்கு விடுமுறை.

கதையே இங்கிருந்துதான் பிறந்தது. பூமியிலிருந்து ஒரு நில அளவைக் கப்பல் அங்கே போய் இறங்குகிறது. அந்தக் காலத்துச் சட்டப்படி, எழுத்தும் கலையும் இல்லாத ஜனங்களின் மண்ணைத் தோண்டி எடுத்துக்கொள்ளலாம். கப்பல் தலைவர் கெட்டவர் அல்ல; கடமை தவறாதவர். மங்கல் வெளிச்சத்தில் கண் தெரியவில்லை என்று, எங்கே போனாலும் பெரிய விளக்கைப் பிடித்துக்கொண்டு போகிறார். அந்த விளக்கு பட்ட இடத்தில் நிழல் அழிந்துவிடுகிறது. அவருக்குத் தெரிவது கற்கள் மட்டும். 'இவர்களிடம் எழுத்து இல்லை. ஓவியம் இல்லை. வாசலில் கற்களைக் குவித்துவைக்கும் வழக்கம் உண்டு. காரணம் விளங்கவில்லை' என்று அறிக்கை எழுதுகிறார். அந்த வரிகளை எழுத எனக்குக் கஷ்டமே இல்லை. அப்படிப்பட்ட தஸ்தாவேஜுகள் பூமியில் ஏராளமாக இருக்கின்றன.

இங்கா சாம்ராஜ்யத்தார் கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கணக்கு வைத்திருந்தார்கள். அந்த முடிச்சுகள் பத்துப் பத்தாக எண்களைச் சொல்கின்றன என்று 1912-ல் லேலண்ட் லாக் என்பவர் நிரூபித்தார். அவற்றில் கதைகளும் உண்டா என்று இன்னும் ஆராய்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் வெள்ளையர் 1788-ல் குடியேறினார்கள். அந்த மண் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்தது என்ற கொள்கையை அந்த நாட்டு உயர் நீதிமன்றம் தள்ளிவிட்டது 1992-ல்தான். செவ்வாய்க் கிரகவாசிகள் பூமியைத் தாக்குவதாக 1898-ல் கதை எழுதிய எச். ஜி. வெல்ஸ், ஆரம்பத்திலேயே டாஸ்மேனியா ஜனங்களுக்கு வெள்ளையர் செய்ததை ஞாபகப்படுத்திவிடுகிறார். இந்த ரகக் கதைகள் தோன்றின நாள் முதலே அவற்றின் அடியில் இந்தக் கேள்வி இருந்து வருகிறது: எதிரில் நிற்பவன் மனிதன் என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது?

இதைப் பிறந்த வீட்டிலேயே கேட்டு வளர்ந்தவர் அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின். தகப்பனார் ஆல்ஃபிரட் க்ரோபர் மானிடவியல் பேராசிரியர். 1911-ல் கலிபோர்னியாவில் ஓர் ஊருக்கு ஒரு மனிதர் தன்னந்தனியாக வந்து சேர்ந்தார். யாஹி என்ற இனத்தில் மிஞ்சிய கடைசி ஆள். மற்றவர்கள் எல்லாரும் அழிந்துவிட்டார்கள். க்ரோபரும் அவருடைய சகாக்களும் அவரை ஸான்பிரான்ஸிஸ்கோ மியூஸியத்துக்கு அழைத்துவந்தார்கள். பெயர் கேட்டால் அவர் சொல்லவில்லை. அவர்கள் வழக்கப்படி தன் பெயரைத் தானே சொல்லக் கூடாது. இன்னொருவர்தான் சொல்லி அறிமுகப்படுத்த வேண்டும். சொல்வதற்கு ஒருவரும் உயிரோடு இல்லை. 'இஷி' என்று கூப்பிட்டார்கள். அவர் பாஷையில் மனிதன் என்று அர்த்தம். 1916-ல் காலமானார், சொந்தப் பெயர் அவரோடு போய்விட்டது. லெ குவின் பிறந்தது 1929-ல், இஷியைப் பார்த்ததில்லை. அவருடைய தாயார் தியடோரா 1961-ல் இஷியின் சரித்திரத்தைப் புத்தகமாக எழுதினார். மகள் பிற்பாடு, இல்லாத ஜனங்களுக்குப் பாட்டும் சமையல் குறிப்பும் படமுமாக 1985-ல் ஒரு பெரிய புத்தகமே செய்தார். அழிந்துபோனவர்களைப் பற்றிய பேச்சு நடந்த வீட்டில், இல்லாதவர்களைக் கௌரவமாக உண்டாக்கத் தெரிந்த பெண் பிறந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

இதற்கிடையில் என் அக்காவின் கேள்வி ஒன்று இருக்கிறது. "ஏண்டா, படம் போட்டுச் சோறு கிடைக்குமா?" இதற்கு நான் பொய் சொல்ல விரும்பவில்லை. அமெரிக்காவில் ஹோவர்ட் டெய்லர் என்பவர் 2000-ம் வருஷம் ஜூன் மாதத்தில் விண்வெளிக் கூலிப்படையைப் பற்றி இணையத்தில் ஒரு சித்திரக் கதை தொடங்கி, 2020 ஜூலை வரையில் ஒரு நாள்கூடத் தவறாமல் வெளியிட்டார். கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை அவர் 2004-ல்தான் விட்டார். "பார், நாலு வருஷம் இரண்டையும் சுமந்திருக்கிறான்" என்றாள் அக்கா, நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு. என் மருமகளுக்கு வாசகர்கள் சிலர் மாதா மாதம் சந்தா அனுப்புகிறார்கள். கரண்ட் பில்லும் இணையக் கட்டணமும் கட்டலாம். வாடகை கட்ட முடியாது. பள்ளிக்கூடப் புத்தகங்களுக்குப் படம் போட்டுக்கொடுத்து மீதியைச் சமாளிக்கிறாள். ராத்திரியில் நிழல் வரைகிறாள்.

கடைசி அத்தியாயத்தைப் பற்றியும் எங்களுக்குள் விவாதம் நடந்தது. அந்த ஜனங்களுக்கு நாங்கள் பெயர் வைக்கவே இல்லை. கப்பல்காரர்கள் தங்கள் சௌகரியத்துக்குச் 'சந்தியர்' என்று அழைப்பார்கள். உண்மைப் பெயரை எப்போது சொல்வது என்று வாசகர்கள் எழுதிக் கேட்டார்கள். சொல்லவே வேண்டாம் என்பது என் கட்சி. சொல்லாவிட்டால் அவர்களையும் இஷி மாதிரி ஆக்கிவிடுகிறோம் என்பது அவள் கட்சி. "அவருக்குப் பேர் சொல்ல ஆள் இல்லை. இவங்களுக்கு நாம இருக்கோமே, மாமா" என்றாள். அதற்கு எனக்குப் பதில் இல்லை. அவள் சொன்னபடியே செய்தோம். ஒரு முழுப் பக்கம். கிழவி ஒருத்தி கப்பல் தலைவரை வாசலுக்கு அழைத்துவந்து, புதிதாகச் செதுக்கிய கல்லைக் காட்டுகிறாள். ஜனங்களின் பெயர் அதன் நிழலில் இருக்கிறது. தலைவர் கையில் விளக்கு. நிழல் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் தெரிகிறது. அந்தப் பக்கத்தில் நான் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

வெளியாவதற்கு முதல் நாள் அதை அக்காவிடம் காட்டினோம். அவள் அதுவரை ஒரு பக்கமும் பார்த்ததில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள். நட்சத்திரம், கிரகம், நில அளவை ஒன்றும் அவளுக்கு நாங்கள் விளக்கவில்லை.

"அந்த மனுஷனை விளக்கை அணைக்கச் சொல்லேண்டி" என்றாள் பெண்ணிடம். "பாவம், அவள் எவ்வளவு நேரமா நிக்கிறாள்?"

உத்தியோகத்தைப் பற்றி அன்று அவள் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் கேட்டாள்.